முட்டியில் ஆபரேஷன், தினமும் ஓ.எம்.ஆர்., ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: கியரா, ஆட்டோமேட்டிக்கா?

சென்னையிலிருந்து ஒரு வாசகர் மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரையும், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 43. வீடு அண்ணா நகரில், அலுவலகம் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) உள்ள சிறுசேரியில். போக வர ஒரு நாளைக்கு ஏறக்குறைய 70 கி.மீ., வாரத்தில் ஐந்து நாள். பத்து வருடமாக ஒரு மேனுவல் செடான் ஓட்டுகிறார். கடன் வாங்கித் தொடங்கிய சொந்த நிறுவனம் இப்போதுதான் நிமிர்ந்திருக்கிறது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்ற ஆசை. பி.எம்.டபிள்யூ எம்2 என்று முடிவும் செய்துவிட்டார். அதில் 6 கியர் மேனுவலும் உண்டு, 8 கியர் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. அந்த இடத்தில்தான் மூன்று மாதமாக நிற்கிறார். “ஷெட்டில் மூடி வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டி இல்லை சார், தினமும் இதில்தான் ஆபீஸ் போவேன்” என்கிறார்.

இடது முட்டியில் ஜவ்வு கிழிந்து, இரண்டு வருடத்துக்கு முன் சாவித்துவார அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. மனைவி ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டிப் பழகியவர். மகனுக்கு 17 வயது; ‘நான் கியர் வண்டியில்தான் கற்றுக்கொள்வேன்’ என்று நிற்கிறான். மாதம் ஒருமுறை நண்பர்களோடு கொல்லிமலை, ஏற்காடு என்று போவதுண்டு. அந்த நண்பர்கள், கிளட்ச் இல்லாவிட்டால் அது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை என்கிறார்கள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: “சின்ன வயதில் அப்பாவின் பிரீமியர் பத்மினியில் முன் சீட்டில் அவரை ஒட்டி உட்காருவேன். அவர் கிளட்ச்சை மிதித்துவிட்டு ‘ம்’ என்பார். நான் இரண்டு கையாலும் ஸ்டீயரிங் பக்கத்துக் கியரை இழுத்துப் போடுவேன். ஆட்டோமேட்டிக் வாங்கினால் அதை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று இருக்கிறது.”

அன்புள்ள நண்பருக்கு,

வாகனப் பொறியியல் படித்துவிட்டு 26 வருடமாக கியர்பாக்ஸ் பிரித்து மாட்டுகிறவன் நான். ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் மைலேஜ் என்பார்கள், விலை என்பார்கள். மேனுவல் மேல் ஏன் ஆசை என்ற நிஜக் காரணத்தை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அந்தப் பத்மினியையும் முட்டியைப் போல, ஓ.எம்.ஆரைப் போல ஒரு கணக்காகவே எடுத்துக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நண்பர்கள் சொன்னதைப் பார்ப்போம். 1989-ல் பிரேசில் கிராண்ட் ப்ரீ பந்தயத்தில் நைஜல் மான்செல் ஓட்டிய ஃபெராரி 640-ல் கியர் தண்டே கிடையாது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த துடுப்பை விரலால் தட்டித்தான் கியர் மாற்றினார், ஜெயித்தார். அடுத்த சில வருடங்களில் ஃபார்முலா 1 முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்றைக்கு ஃபெராரி, லம்போர்கினி இரண்டுமே கிளட்ச் பெடல் வைத்த கார் விற்பதில்லை. அவற்றை ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று யாரும் சொல்வதில்லையே.

எம்2-வையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-ல் மேம்படுத்தி வந்த வண்டியில் இரண்டு கியர்பாக்ஸுக்கும் ஒரே 3 லிட்டர், 6 சிலிண்டர் இன்ஜின், ஒரே 480 குதிரைத்திறன். ஆனால் முறுக்குவிசை (டார்க்) ஆட்டோமேட்டிக்கில் 600 நியூட்டன் மீட்டர், மேனுவலில் 550. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட ஆட்டோமேட்டிக்குக்கு 4.0 விநாடி, மேனுவலுக்கு 4.2. அந்த 4.2 கூட நன்றாகக் கை பழகியவருக்குத்தான். எனவே வேகத்துக்காக மேனுவல் என்ற பேச்சு இந்த வண்டியில் எடுபடாது.

அதற்காக மேனுவல் ஆசை அர்த்தமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். போர்ஷே 2013-ல் 911 ஜி.டி.3-ஐ ஆட்டோமேட்டிக்கில் மட்டும் கொண்டுவந்தது. பந்தயத் தடத்தில் அது பழைய மேனுவல் வண்டியைவிட வேகம்தான். ஆனாலும் வாங்குகிறவர்கள் முகம் சுளித்தார்கள். 2016-ல் 911 ஆர் என்ற மாடல் மேனுவலில் வந்தது. 2017-ல் ஜி.டி.3-லேயே மேனுவல் திரும்பி வந்துவிட்டது. கொஞ்சம் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, கையும் காலும் வேலை செய்ய வேண்டும் என்று உலகம் முழுக்க ஆட்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டி, இன்ஜின் சத்தம் ஏறி, கியர் வெண்ணெய் மாதிரி உள்ளே போகிற அந்த நொடி இருக்கிறதே, அதைத் துடுப்பு தராது. இது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

கேள்வி என்னவென்றால், அந்த நொடி உங்களுக்கு வாரத்தில் எத்தனை தடவை கிடைக்கும்?

மாலை ஆறு மணி, சோழிங்கநல்லூர்

மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து ஓ.எம்.ஆர். எப்படி இருக்கிறது என்று தினமும் அதில் போகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் தகரத் தடுப்பு, இரண்டு பக்கமும் ஒடுங்கிய பாதை, இருக்கிற இடுக்கில் நுழையும் பைக்குகள். போன வருடம் ஒரு வாடிக்கையாளரின் மேனுவல் வண்டியைச் சோதித்துப் பார்க்க ஒரு மாலை நேரம் சிறுசேரியிலிருந்து மத்திய கைலாஷ் வரை ஓட்டினேன். கிளட்ச்சை எத்தனை முறை மிதிக்கிறேன் என்று சும்மா எண்ண ஆரம்பித்தேன். துரைப்பாக்கம் தாண்டுவதற்குள் 200-ஐக் கடந்துவிட்டது, அதற்குமேல் எண்ணவில்லை. அது சாதாரண ஹேட்ச்பேக், கிளட்ச் பஞ்சு மாதிரி இருக்கும்.

இங்கே நீங்கள் ஒரு தப்புக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ‘என் செடானில் இத்தனை வருடம் சமாளித்தேன், இதிலும் சமாளிப்பேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 550 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைச் சறுக்காமல் சக்கரத்துக்குக் கடத்த வேண்டுமென்றால் கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் அதற்கேற்ற பலத்தோடு இருக்க வேண்டும். பெடலுக்கு எண்ணெய் அழுத்தத்தின் உதவி இருந்தாலும் மிதிக்கிற காலுக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஷோரூமில் பத்து நிமிடம் மிதித்தால் சுகமாகத்தான் இருக்கும். 200 முறை மிதித்த பிறகு எப்படி இருக்கும் என்பதுதான் உங்கள் கேள்வி.

இதில் வண்டியின் பக்கமும் ஒன்று உண்டு. கொஞ்ச நாள் முன் ஓர் இளைஞர் தன்னுடைய வேகமான மேனுவல் வண்டியைக் கொண்டுவந்தார். வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி போகவில்லை. கியர்பாக்ஸை இறக்கி மூடியைத் திறந்தபோது கருகிய வாடை, உள்ளே விபூதித் தட்டைக் கவிழ்த்த மாதிரி கருப்புத் தூள், தட்டில் ரிவிட் தலைகள் பளபளவென்று வெளியே தெரிந்தன. நன்றாக ஓட்டுகிற பையன்தான். மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது பிரேக் பிடிக்காமல், கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி (ஹாஃப் கிளட்ச்) வண்டியைத் தாங்கி நிறுத்துகிற பழக்கம், அவ்வளவுதான். நகரத்து நெரிசல் நல்ல டிரைவரையும் அந்தப் பழக்கத்துக்குள் தள்ளிவிடும்.

முட்டியைப் பற்றி: நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த விஷயத்தை என்னிடம் கேட்பதற்கு முன் உங்களுக்கு அறுவை செய்த எலும்பு மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டும். ‘கார் ஓட்டலாமா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘ஓட்டலாம்’ என்றுதான் சொல்வார். ‘கனமான கிளட்ச், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், நூற்றுக்கணக்கான முறை இடது கால் மடக்கி நீட்ட வேண்டும்’ என்று சொல்லிக் கேளுங்கள். அவர் யோசித்தார் என்றால் மேனுவல் பேச்சு அங்கேயே முடிந்தது. இப்போதைய செடானிலும் சீட்டைக் கொஞ்சம் சரிபாருங்கள். கிளட்ச்சை முழுக்க மிதித்த நிலையிலும் முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் சீட் பின்னால் இருக்கிறது என்று பொருள்.

‘ஆட்டோமேட்டிக் டிராஃபிக்கில் சூடாகிவிடும்’ என்று சொன்னார்களே

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் வேறு வேறு இயந்திரங்கள் இருப்பதால் வருகிற குழப்பம் இது. விலை குறைந்த கார்களில் வருவது ஏ.எம்.டி.; அது மேனுவல் கியர்பாக்ஸேதான், கிளட்ச்சை உங்களுக்குப் பதில் ஒரு சின்ன மோட்டார் இயக்கும். இன்னொன்று இரட்டைக் கிளட்ச்; ஒன்று விட்டு ஒன்றாக கியர்களை இரண்டு கிளட்ச்சுகள் பிரித்துக்கொள்ளும். அதில் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகை, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறி எச்சரிக்கை காட்டுவது உண்மை. டிராஃபிக்கில் சூடாகி அவதிப்பட்டதாக நீங்கள் எழுதியிருக்கிற நண்பரின் வண்டியும் அந்த வகையாகத்தான் இருக்கும் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

இப்போதைய எம்2-வில் இருப்பது மூன்றாவது வகை, டார்க் கன்வர்ட்டர். முந்தைய தலைமுறை எம்2-வில் 7 கியர் இரட்டைக் கிளட்ச் இருந்தது. இந்தத் தலைமுறையில் அதை விட்டுவிட்டார்கள். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அந்தக் காற்றிலேயே மற்றதும் சுற்றும். டார்க் கன்வர்ட்டரில் காற்றுக்குப் பதில் எண்ணெய். வண்டி ஊரும்போது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உராய்ந்து தேய ஒரு தட்டு இல்லை, எண்ணெய்தான் சுழல்கிறது. சூடு வரும், ஆனால் அது எண்ணெயில் ஏறி கூலர் வழியாக வெளியே போய்விடும். வேகம் எடுத்ததும் உள்ளே ஒரு பூட்டு விழுந்து இரண்டையும் இணைத்துவிடுவதால் பழைய ஆட்டோமேட்டிக்குகளின் அந்த ரப்பர் மாதிரி இழுபடுகிற உணர்வும் இதில் இல்லை. ஓ.எம்.ஆர். மாதிரி சாலைக்கு மூன்றில் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஒன்று மட்டும்: சிக்னலுக்குச் சிக்னல் நியூட்ரலுக்கு மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். டி (டிரைவ்) நிலையிலேயே பிரேக் பிடித்து நில்லுங்கள்.

கொல்லிமலை இறங்கும்போது

‘ஆட்டோமேட்டிக்கில் இன்ஜின் பிரேக்கிங் கிடையாது, மலை இறக்கத்தில் பிரேக் போய்விடும்’ என்று பயப்படுகிறீர்கள். டி-யில் போட்டுவிட்டுப் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் எந்த வண்டியிலும் பிரேக் காயும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் போகிற வண்டியிலிருந்து அந்த வாடையை நீங்களே முகர்ந்திருப்பீர்கள். எம்2-வில் கியரை மேனுவல் முறைக்கு மாற்றி இடது துடுப்பைத் தட்டி இரண்டாவது கியருக்கு இறக்குங்கள். நீங்கள் மாற்றும்வரை அது அதே கியரில் பிடித்து நிற்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று நம் ஊர் டிரைவர்கள் சொல்வது இதற்கும் அப்படியே பொருந்தும். ஏறும்போதும், இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல் வளைவுக்கு நடுவே கியர் மாற்றலாம். இதில் ஒரு தனி ருசி இருக்கிறது. கிளட்ச்சின் ருசி இல்லைதான், ஆனாலும் ருசிதான்.

மனைவியின் லைசென்ஸ், மகனின் வயது

உங்கள் மனைவியின் லைசென்ஸ் மேனுவலுக்குச் செல்லாது என்று நினைத்திருக்கிறீர்கள். அது தவறு. பிரிட்டன் போன்ற நாடுகளில் ஆட்டோமேட்டிக்கில் ஓட்டிக் காட்டித் தேர்வில் தேறியவர் மேனுவல் ஓட்டக் கூடாது என்ற விதி உண்டு. இந்தியாவில் இரு சக்கர வாகனத்துக்குத்தான் கியர் உள்ளது, இல்லாதது என்ற பிரிவு. காருக்கு ஒரே இலகு ரக வாகன உரிமம். சட்டம் தடுக்காது. ஆனால் ஓர் அவசர ராத்திரியில் மருத்துவமனைக்குப் போக வேண்டும், உங்களால் ஓட்ட முடியாத நிலை என்றால், பழக்கமில்லாத கனமான கிளட்ச்சோடு 480 குதிரைத்திறன் வண்டியை அவர் எடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் ஓடுகிற ஒரே கார் அதுதான் என்றால் இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. கடிதத்தில் அவருடைய கருத்து என்ன என்று ஒரு வரிகூட இல்லை. கேளுங்கள்.

மகன் விஷயத்தில் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ‘அபார்ட்மெண்ட் பக்கத்து ரோட்டில் லேசாகப் பழக்குகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, 18 வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கும் வண்டி உரிமையாளருக்கும் 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இவ்வளவும் சட்டம் சொல்வது. அந்தத் தெருவில் நடந்து போகிற ஒருவருக்கு ஏதாவது ஆனால் என்ன என்பது தனி. 18 முடியட்டும், எல்.எல்.ஆர். எடுங்கள், முன்னும் பின்னும் எல் போர்டு மாட்டுங்கள், பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.

அதுவும் எம்2-வில் இல்லை. உங்கள் பழைய செடானில்.

அந்தச் செடானை ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஷோரூம் விலையே ஒரு கோடியைத் தாண்டுகிற வண்டி வாங்குகிறீர்கள், அதற்குமேல் சாலை வரி வேறு. பத்து வருடத்துச் செடானுக்குக் கிடைக்கிற தொகை அந்தக் கணக்கில் எங்கே தெரியப்போகிறது? நிறுத்த இடம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பையன் கியர் பழக அதைவிடப் பொருத்தமான வண்டி கிடைக்காது. முதல் பத்து நாள் வண்டி துள்ளித் துள்ளி அணையும், கியர் கரகரக்கும். அதெல்லாம் அதில் நடக்கட்டும். நீங்கள் ‘ம்’ என்று சொல்லலாம்.

பராமரிப்பு, மறுவிற்பனை

இதில் அதிகம் மெனக்கெட வேண்டாம். மேனுவலில் கிளட்ச் மாற்ற வேண்டி வரும். அதோடு கிளட்ச் தட்டு உரசுகிற ஃப்ளைவீல் சக்கரமும் சேர்ந்தால் இந்த மாதிரி இறக்குமதி வண்டியில் பில் லட்சங்களில் நிற்கும். ஆட்டோமேட்டிக்கில் கியர் எண்ணெயை மறக்கக் கூடாது. ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த 8 கியர் பெட்டியைத் தயாரிக்கிற இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 வருடத்தில், எண்ணெய் மாற்றச் சொல்கிறது. உங்கள் ஓட்டம் வருடத்துக்கு 17,000, 18,000 கி.மீ. வரும், அதுவும் முழுக்க நெரிசலில். 80,000-த்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘மேனுவல் அபூர்வமாகிவிடும், பின்னால் நல்ல விலை போகும்’ என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓரளவு நடக்கிறது. நம் ஊரில் அப்படி விலை கொடுத்து வாங்குகிற ஒருவரைத் தேடிப் பிடிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். தினம் 70 கி.மீ. ஓடிய வண்டியைச் சேகரிப்பாளர் தேடி வரவும் மாட்டார். இந்தக் காரணத்தை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

என் பதில்

ஆட்டோமேட்டிக் வாங்குங்கள்.

என் பணமாக இருந்தால் நான் மேனுவல்தான் வாங்குவேன். ஆனால் என் பட்டறை வீட்டிலிருந்து 4 கி.மீ., என் முட்டியில் கத்தி பட்டதில்லை. உங்கள் வாரத்தில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் நெரிசலில் போகிறது. மலைப்பாதை மாதம் ஒரு காலைப் பொழுது. மேனுவல் எம்2 வாங்கினால் அந்த ஒரு காலைப் பொழுது தங்கமாக இருக்கும். ஆனால் ஆறே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், இடது கால் விண்ணென்று வலிக்க, இந்த வண்டியை ஏன் வாங்கினோம் என்று உங்களுக்குத் தோன்றும். இத்தனை வருடம் காத்திருந்து வாங்குகிற கார் மேல் உங்களுக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

நிலைமை மாறினால் பதிலும் மாறும். நிறுவனம் உங்களுடையது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம், மற்ற நாள் வீட்டிலிருந்து வேலை என்று உங்களால் மாற்றிக்கொள்ள முடிந்து, முட்டி மருத்துவரும் தாராளமாகச் சரி என்று சொன்னால், மேனுவலை எடுங்கள். நான் மறுபேச்சு பேச மாட்டேன். இரண்டில் ஒன்று மட்டும் சரியாகி இன்னொன்று இழுபறியாக இருந்தால் எடுக்காதீர்கள்.

மேனுவல் கையிருப்பில் இல்லை, ஆர்டர் கொடுத்தால் மாதங்கள் ஆகும் என்று ஷோரூமில் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக அவசரப்பட்டு ஆட்டோமேட்டிக்குக்கும் தலையாட்ட வேண்டாம், வீம்புக்காக மேனுவலுக்கு முன்பணம் கட்டவும் வேண்டாம். எதுவானாலும் டெலிவரி தேதியையும், ரத்து செய்தால் பணம் எப்படித் திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அதற்கு முன் டெஸ்ட் டிரைவ். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஈ.சி.ஆரில் கூட்டிப்போகத்தான் பார்ப்பார்கள். அங்கே எந்த வண்டியும் நன்றாக இருக்கும். வேலை நாளில், மாலை ஆறு மணிக்கு, சோழிங்கநல்லூர் பக்கம் வேண்டும் என்று கேளுங்கள். தயங்குவார்கள், விடாதீர்கள். மனைவியையும் கூட்டிப்போய், திரும்பி வரும்போது பாதி தூரம் அவரை ஓட்டச் சொல்லுங்கள்.